மீன் என்ன லிட்மஸ் பேப்பரா?

"முதல்ல நாலு கப்பி வாங்கி விட்டுப் பாருங்க சார். செத்துப்போச்சுன்னா தண்ணிய மாத்திட்டு மறுபடி விடலாம்."

தோட்டத்தில் கான்கிரீட் மீன் தொட்டி கட்டியவர்கள் யாரைக் கேட்டாலும், இந்த வசனத்தை ஏதோ ஒரு வடிவத்தில் கேட்டிருப்பார்கள். மேஸ்திரி சொல்வார், காண்ட்ராக்டர் சொல்வார், மீன் கடைக்காரர் சொல்வார். சிவில் இன்ஜினியரிங் படித்தவரும் சொல்வார் என்பதுதான் எனக்குப் பிரச்சினை. மயிலாப்பூரில் பழைய வீட்டை இடித்துக் கட்டிய அபார்ட்மென்ட்டின் முன்வாசல், அடையாறில் தனி வீட்டுத் தோட்டம், தி.நகரில் கிளினிக் வாசல், நம்மைப் போன்ற கல்லூரிகளில் 'கிரீன் கேம்பஸ்' போர்டுக்குக் கீழே என்று இந்தத் தொட்டிகளைப் பல இடத்தில் பார்க்கலாம். திறப்பு விழா அன்று போட்டோ எடுப்போம். அடுத்த வாரம் அதில் எத்தனை மீன் மிச்சம் என்று யாரும் எண்ணுவதில்லை.

என் கருத்து இதுதான். மீன் தொட்டி ஒழுகவில்லை என்றால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. அதில் நிற்கும் தண்ணீரில் ஒரு உயிர் வாழ முடியும் என்று அளந்து காட்டிய பிறகுதான் மீதிப் பாதி முடியும். அந்த அளவை எடுக்க மீனையே கருவியாகப் பயன்படுத்துவது சோம்பேறித்தனம். ஒரு பிரியாணி விலைக்குள் பி.எச். டெஸ்ட் கிட் கிடைக்கிற ஊரில் இதற்கு எந்தச் சாக்கும் சொல்ல முடியாது.

சுவர் தண்ணீருக்கு என்ன தருகிறது?

வாட்டர்ப்ரூஃபிங் என்றாலே நமக்கு ஒரே ஒரு திசைதான் ஞாபகம் வரும்: தண்ணீர் வெளியே போகக் கூடாது. எதிர்த்திசையை யோசிப்பதில்லை. சுவரிலிருந்து தண்ணீருக்குள் என்ன வருகிறது?

முதல் வருடக் கெமிஸ்ட்ரியைக் கொஞ்சம் தூசி தட்டுங்கள். சிமென்ட் தண்ணீரோடு சேரும்போது, வலிமை தரும் கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட்டோடு கால்சியம் ஹைட்ராக்சைடும் உண்டாகிறது. நம்ம பாஷையில் நீத்த சுண்ணாம்பு. இது தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். இதற்கு மேல் கரையாது என்கிற அளவுக்குக் கரைந்த தண்ணீரின் பி.எச். சுமார் 12.4. நன்னீர் மீன்களில் பெரும்பாலானவை சௌகரியமாக இருப்பது ஏறத்தாழ 6.5 முதல் 8.5 வரை. பி.எச். என்பது லாக் ஸ்கேல். 7.4-க்கும் 12.4-க்கும் உள்ள இடைவெளி பார்க்க ஐந்துதான், காரத்தன்மையில் அது ஒரு லட்சம் மடங்கு. அந்தத் தண்ணீரில் மீனின் செவுள் வெந்துதான் போகும்.

அவ்வளவு தூரம் ஏறாமல் 9-ல் நின்றாலும் தப்பிக்க முடியாது. மீன் வெளியேற்றும் அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும். அயனியாக மாறிய அம்மோனியத்தால் பெரிய ஆபத்து இல்லை. அயனியாகாத அம்மோனியாதான் விஷம். இரண்டில் எது எவ்வளவு என்பதை பி.எச்.சும் வெப்பநிலையும் முடிவு செய்கின்றன. சென்னைத் தண்ணீரை 30 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக் கணக்குப் போட்டால், பி.எச். 7.5-ல் மொத்த அம்மோனியாவில் சுமார் 2.5 சதவீதம்தான் விஷ வடிவம். 9-ல் அது சுமார் 45 சதவீதம். 10-ல் 90 சதவீதத்தைத் தொடும். அதே மீன், அதே தீனி, அதே கழிவு. விஷம் மட்டும் 18 மடங்கு!

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் புதுத் தொட்டியில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். ஆக, முதல் மாதத்தில் அம்மோனியாவும் அதிகம், அதை விஷமாக்கும் பி.எச்.சும் அதிகம். மூன்றாவது நாள் மீன் மிதந்தால் நாம் என்ன சொல்கிறோம்? "கடைக்காரன் நோய் புடிச்ச மீனைக் குடுத்துட்டான்."

சின்னத் தொட்டிதான் மோசம்

"பெரிய பெரிய கான்கிரீட் தொட்டியில எல்லாம் மீன் வளருதே?" என்று கேட்பீர்கள். வளரும். அங்கே நடப்பது வேறு கணக்கு.

வீட்டுத் தோட்டத்துக்குப் பொருத்தமான ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். நீளம் 2 மீட்டர், அகலம் 1.5 மீட்டர், ஆழம் 60 சென்டிமீட்டர். கொள்ளளவு 1,800 லிட்டர். தண்ணீர் தொடும் பரப்பு, தரை 3 சதுர மீட்டரும் சுவர்கள் 4.2 சதுர மீட்டரும் சேர்த்து 7.2 சதுர மீட்டர். லிட்டருக்கு 40 சதுர சென்டிமீட்டர் சுவர். இதே தொட்டியை எல்லாப் பக்கமும் பத்து மடங்கு பெரிதாக்கினால், லிட்டருக்கு 4 சதுர சென்டிமீட்டர்தான். சுண்ணாம்பு கரைவது சுவர்ப் பரப்பிலிருந்து, அது நீர்த்துப்போவது தண்ணீரின் கன அளவில். அதனால் தொட்டி சிறுக்கச் சிறுக்க ஆபத்து கூடும். நாம் "சின்ன வேலைதானே" என்று அலட்சியமாகச் செய்கிற தொட்டியில்தான் அதிக கவனம் தேவை.

முதல் வாட்டர்ப்ரூஃபிங் கான்கிரீட்தான்

கடைக்குப் போய் டப்பா வாங்குவதற்கு முன்னால் ஒன்று. நீர் தாங்கும் கட்டுமானங்களுக்கான நம் நாட்டு விதித்தொகுப்பு ஐ.எஸ். 3370. இரும்புக்கம்பி வைத்த கான்கிரீட்டுக்கு அது குறைந்தபட்சம் எம்-30 கேட்கிறது. நீர்-சிமென்ட் விகிதம் 0.45-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. மீன் தொட்டிக்கு யார் சார் ஐ.எஸ். கோடு பார்ப்பாங்க என்று சிரிக்கலாம். ஆனால் சைட்டில் நடப்பது என்ன? "கலவை இறங்க மாட்டேங்குது, இன்னும் ஒரு பக்கெட் தண்ணி ஊத்து." அந்த ஒரு பக்கெட் ஆவியான பிறகு விட்டுச்செல்லும் நுண்துளைகள் வழியாகத்தான் தண்ணீர் கசிகிறது. அதே துளைகள் வழியாகத்தான் சுண்ணாம்பும் வெளியே வருகிறது. நல்ல கலவை, முழு க்யூரிங், தரையும் சுவரும் சேரும் மூலையில் சரிவாகப் பூசிய கோவிங், குழாய் நுழையும் இடத்தில் ஒழுங்கான அடைப்பு. இந்த நாலும் சரியாக இருந்தால் பூச்சின் வேலை பாதியாகக் குறைந்துவிடும். ஒழுகும் தொட்டிகளில் முதலில் பார்க்க வேண்டிய இடங்களும் மூலையும் குழாய் வாயும்தான்.

டப்பாவின் பின்பக்கத்தைப் படிங்க

இப்போது பூச்சுக்கு வருவோம். கடைகளில் அடுக்கி வைத்திருப்பதில் பெரும்பாலானவை மொட்டை மாடிக்கும் வெளிச்சுவருக்கும் தயாரித்தவை. அவற்றில் பலவற்றின் டப்பாவில் பெருமையாகப் போட்டிருக்கும்: 'பாசி, பூஞ்சை பிடிக்காது.' மாடிக்கு அது வரம். மீன் தொட்டிக்கு அதுதான் அபாய எச்சரிக்கை. பாசியைக் கொல்லும் வேதிப்பொருள் கலந்திருப்பதால்தானே பாசி பிடிக்கவில்லை? அது தண்ணீரில் கசிந்தால் மீனை மட்டும் ஏன் விடப்போகிறது? டெரஸ் கோட்டிங் மீன் தொட்டிக்கு வேண்டவே வேண்டாம்.

தார் வகைப் பூச்சுகளையும் தொடாதீர்கள். நிலக்கரித் தாரில் இருக்கும் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் மனிதனுக்கே புற்றுநோய் தரக்கூடியவை.

பாலிமர் கலந்த சிமென்ட் பூச்சு, அதாவது பவுடரும் பாலும் தனித்தனியாக வந்து கலந்து அடிக்கிற ரகம், நல்ல தேர்வுதான். ஆனால் அதிலும் சிமென்ட் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். பூச்சு காய்ந்த பிறகும் பி.எச். ஏறும். ஊற வைத்துக் கொட்டத்தான் வேண்டும். கான்கிரீட்டின் துளைகளுக்குள் படிகமாக வளரும் கிரிஸ்டலைன் வகைக்கும் இதே பேச்சுதான்.

எபாக்சி சுவருக்கும் தண்ணீருக்கும் நடுவில் உண்மையான தடுப்பாக நிற்கும். சுண்ணாம்பை உள்ளே பூட்டிவிடும். ஆனால் குடிநீர்த் தொட்டிக்கு ஏற்றது, சால்வென்ட் இல்லாதது என்று தயாரிப்பாளர் எழுத்தில் கொடுத்த ரகமாக இருக்க வேண்டும். ரெசினும் ஹார்டனரும் சொன்ன விகிதத்தில் கலக்க வேண்டும். 'கண்ணளவுக்கு' ஊற்றினால் வினைபுரியாத ஹார்டனர் மிச்சம் நிற்கும், அதிலுள்ள அமீன்கள் மீனுக்கு நஞ்சு. ஈரச் சுவரில் சாதாரண எபாக்சி ஒட்டாது. கையில் ஒட்டாமல் காய்ந்துவிட்டது என்பதும் முழுதாக இறுகிவிட்டது என்பதும் ஒன்றல்ல. முழுதாக இறுக எத்தனை நாள் என்று அதன் தகவல் தாளில் இருக்கும், அத்தனை நாளும் காத்திருக்க வேண்டும்.

என் ஓட்டு யாருக்கு என்று கேட்டால், சின்னத் தோட்டத் தொட்டிக்கு லைனர் ஷீட்தான். மீன் குளத்துக்கென்றே விற்கும் இ.பி.டி.எம். ரப்பர் ஷீட் அல்லது கெட்டியான எச்.டி.பி.இ. ஷீட். கான்கிரீட் உருவத்தைத் தாங்கும், ஷீட் தண்ணீரைத் தாங்கும், இரண்டும் ஒன்றையொன்று தொடவே தொடாது. கூரைக்கான ரப்பர் ஷீட்டை 'அதே ஐட்டம்தான்' என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள். பாசிக்கொல்லி சேர்த்ததா இல்லையா என்று கேட்டு வாங்குங்கள்.

அடியில் இருக்கும் மண் எது?

யூடியூபில் வெளிநாட்டுக்காரர் தொட்டி கட்டுவதைப் பார்த்து அப்படியே இங்கே கட்டுவதில் ஒரு சிக்கல். அவர் மண் வேறு, நம் மண் வேறு. நம் ஊருக்குள்ளேயே ஏரியா ஏரியாவுக்கு வேறு.

தி.நகர் இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் லாங் டேங்க் என்ற நீண்ட ஏரி இருந்தது. 1920-களில் அதை வற்றவைத்துத்தான் தியாகராய நகரை உருவாக்கினார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயர் மட்டும் இன்னும் மிச்சம் இருக்கிறது. தி.நகர், மாம்பலம் பக்கம் களிமண். களிமண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். அதன்மேல் உட்கார்ந்திருக்கும் மெல்லிய தொட்டியில் வருகிற விரிசல் ஒரே அகலத்தில் நிற்காது, விரியும், மூடும். அங்கே விறைப்பான பூச்சு அடித்துப் பயனில்லை, பூச்சும் சேர்ந்து பிளக்கும். வளையக்கூடியது வேண்டும்.

அடையாறு, சாந்தோம், திருவான்மியூர் பக்கம் கடற்கரை மணல். அங்கே தொட்டி ஒழுகினால் வெளியே ஈரம்கூடத் தெரியாது. மணல் சத்தமில்லாமல் குடித்துவிடும். 'வெளியில ஒழுகல, அதனால லீக் இல்ல' என்ற தீர்ப்பு அங்கே செல்லாது. கடலோரத்தில் நிலத்தடி நீரில் உப்பு இருந்தால் விரிசல் வழியாகப் போய்க் கம்பியையும் அரிக்கும்.

மூன்றாவது விஷயம் மழை. வடகிழக்குப் பருவமழையில் நிலத்தடி நீர் மேலே ஏறும். நம்ம 1,800 லிட்டர் தொட்டிக்கு 10 சென்டிமீட்டர் தடிமனில் சுவரும் தரையும் இருப்பதாக வைத்துக்கொண்டால், கான்கிரீட்டின் எடை சுமார் 2 டன். வெளி அளவின்படி தொட்டி அடைத்துக்கொண்டிருக்கும் இடம் 2.6 கன மீட்டர். நிலத்தடி நீர் விளிம்பு வரை ஏறினால் ஆர்க்கிமிடீஸ் கீழிருந்து 2.6 டன் தூக்குவார். தொட்டி காலியாக இருந்தால் அது படகு. மண்ணின் பிடிப்பு கொஞ்சம் காப்பாற்றலாம், அதை நம்பி டிசைன் செய்ய முடியாது. உள்ளே தண்ணீர் நிறைந்திருந்தால் மொத்த எடை 3.8 டன், பயமில்லை. அதனால் 'மழை வருது, தொட்டிய காலி பண்ணி கிளீன் பண்ணிடலாம்' என்று நவம்பரில் கிளம்பாதீர்கள். கட்டுமானம், பூச்சு, ஊறவைத்தல் எல்லாம் பிப்ரவரியில் தொடங்கி கோடைக்குள் முடிவதுதான் நம்ம ஊர் காலண்டர்.

"அந்தக் காலத்துல சிமென்ட்டா இருந்துச்சு?"

இந்தக் கேள்வி வராமல் எந்த விவாதமும் முடியாது. கபாலீஸ்வரர் கோயில் குளத்தில் மீன் இல்லையா? சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம் வைத்துக் கட்டின தொட்டியில் தண்ணீர் நிற்கவில்லையா?

இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கலாம். கபாலி குளத்தில் நாலு பக்கமும் கல் படிகள், அடியில் மண் படுகை. மழைக்கு ஏறும், வெயிலுக்கு இறங்கும், வறட்சியில் அடிவரை காய்ந்த வருடங்களும் உண்டு. கீழே இருக்கும் நிலத்தடி நீரோடு கொடுக்கல் வாங்கல் உள்ள நீர்நிலை அது. அதன் அடியை கான்கிரீட் போட்டு மூடலாம் என்று யாராவது சொன்னால் நானும் உங்களோடு எதிர்க்க வருவேன். ஆனால் 1,800 லிட்டரை அடையாறு மணலில் விட்டால் சாயங்காலம் தொட்டியில் ஒன்றும் இருக்காது. குளத்துக்கான நியாயத்தைத் தொட்டிக்குக் கொண்டுவர முடியாது.

சுண்ணாம்பைப் பற்றி ஒரு தப்பான நம்பிக்கை ஓடுகிறது, 'நேச்சுரல், அதனால சேஃப்' என்று. மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு பளிங்கு மாதிரி மின்னியது என்று அன்றைய பயணிகளே எழுதி வைத்திருக்கிறார்கள், அருமையான தொழில்நுட்பம்தான். ஆனால் புதுச் சுண்ணாம்புச் சுவர் என்பது கால்சியம் ஹைட்ராக்சைடேதான். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி அது கால்சியம் கார்பனேட்டாக மாறும் வரை சிமென்ட்டைவிட ஒரு துளியும் சாது கிடையாது. பழைய கொத்தனார்களிடம் நாம் கற்க வேண்டியது கடுக்காய்த் தண்ணீரின் ரெசிபியைவிட அவர்கள் சுவருக்குக் கொடுத்த அவகாசத்தை.

ஆசிட் ஊத்தி அவசரத்தைத் தீர்க்காதீங்க

அவகாசம் தர மனசில்லாதவர்கள் எடுக்கும் குறுக்குவழி ஆசிட் வாஷ். ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து சுவரில் ஊற்றித் தேய்த்தால் மேற்பரப்புச் சுண்ணாம்பு போய்விடும். உள்ளே இருப்பது இரண்டு நாளில் மறுபடி வெளியே வரும். பூச்சு அடித்த பிறகு ஊற்றினால் பூச்சே போய்விடும்.

மீனைவிட எனக்குப் பயம் அந்தக் குழிக்குள் இறங்கித் தேய்க்கிற ஆளைப் பற்றித்தான். ஆசிட் வாடை போகட்டும் என்று அதன்மேல் ப்ளீச்சிங் பவுடர் போடுவதைச் சாதாரணமாகச் செய்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. அது காற்றைவிட சுமார் இரண்டரை மடங்கு கனம், அதனால் குழிக்குள்ளேயே தங்கும். குனிந்து தேய்ப்பவரின் மூக்கு எங்கே இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எபாக்சி அடிப்பவருக்கும் இதே குழி, இதே மூச்சு. கையுறை, கண்ணாடி, பூட்ஸ், காற்றோட்டத்துக்கு ஃபேன், வெளியே ஒரு ஆள். இதெல்லாம் செலவில்லை, வேலையின் பகுதி. 'பாதுகாப்பாக வாட்டர்ப்ரூஃப் செய்வது' என்பதில் முதல் பாதுகாப்பு மனிதனுக்கு.

அடுத்தது கழுவிய தண்ணீர். தமிழ்நாட்டில் 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானதிலிருந்து பல வீடுகளில் ஒரு மழைநீர்க் குழி இருக்கிறது. தொட்டித் தண்ணீரைத் திறந்துவிடும்போது கைக்கு எட்டுகிற இடம் அதுதான். பி.எச். 11 தண்ணீரையோ ஆசிட்டையோ அதில் விட்டால் அது உங்கள் தெருவே குடிக்கும் கிணற்றுக்குத்தான் போகிறது. மழைநீர் வடிகாலில் விட்டால் அடையாறு ஆற்றுக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும். கழிவுநீருக்கான பொது அளவுகோல் பி.எச். 5.5 முதல் 9 வரை. அதற்குள் கொண்டுவந்து பிறகு கழிவுநீர் இணைப்பில் விடுங்கள்.

அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஐ.எஸ். 456, கான்கிரீட்டுக்கான தண்ணீரின் பி.எச். 6-க்குக் குறையக் கூடாது என்கிறது. ஆசிட் எதுவும் கலக்காத, வெறும் சுண்ணாம்பு ஊறிய தண்ணீர் காரமாகத்தான் இருக்கும், அதனால் க்யூரிங்குக்குத் தாராளமாக ஆகும். சென்னையில் எந்தத் தெருவில் கட்டட வேலை நடக்கவில்லை? பக்கத்து சைட்டில் கேட்டுப் பாருங்கள், சந்தோஷமாக பைப்பைப் போட்டு எடுத்துக்கொள்வார்கள்.

எதிர்க்கேள்விகள்

"2019-ல தண்ணி லாரிக்கு நைட் முழுக்கக் காத்திருந்த ஊர் இது. மூணு தடவ நிரப்பிக் கொட்டுனா 5,400 லிட்டர் ஆகுமே?" நியாயமான கேள்வி. இதனால்தான் லைனர் என்கிறேன், ஒருமுறை கழுவினால் போதும். சிமென்ட் பூச்சுதான் என்றால், நிரப்புவதற்கு முன் கொஞ்சம் தண்ணீரில் இரண்டு முறை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், நிரப்பும் எண்ணிக்கை குறையும். கொட்டுவதை மேலே சொன்னபடி க்யூரிங்குக்குக் கொடுங்கள்.

"மீன் விடாம வாரக்கணக்கில தண்ணி நின்னா கொசு வருமே? மாநகராட்சி ஃபைன் போடுவாங்களே?" ஆமாம், ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் வரை வளர ஒன்றரை வாரம் போதும். நெருக்கமான கொசுவலையை விளிம்பு வரை இழுத்துக் கட்டுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் 60 சென்டிமீட்டர் தண்ணீர்கூட ஆபத்து, எப்படியும் ஒரு கிரில் மூடி தேவைதான். அதன்மேலேயே வலையைப் போட்டுவிடலாம்.

"டெக் ஃபெஸ்ட்டுக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கு, எச்.ஓ.டி. திறந்து வைக்கணும்." அல்லிக்கொடி ஒரு பூந்தொட்டியோடு வைத்துத் திறந்து வையுங்கள். மீன் அடுத்த மாதம் வரட்டும்.

"ஒரு மீன் பத்து ரூபா பாஸ். இதுக்குப் போய் இவ்ளோ சீனா?" இந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரையே. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 'விலங்கு' என்பதற்குத் தரும் விளக்கம், மனிதரைத் தவிர்த்த எந்த உயிரினமும் என்பது. மீனும் அதில் அடக்கம். சட்டத்தை விட்டுவிடுவோம், தொழிலைப் பார்ப்போம். உயிர் மலிவாக இருக்கிறது என்பதால் சோதனையைத் தவிர்க்கிற பழக்கம் மீனோடு நிற்குமா? இன்று பத்து ரூபாய் மீனை விட்டுப் பார்க்கிறவர் நாளைக்கு சம்ப்பில் என்ன பூச்சு அடித்தார் என்று யார் கேட்கப்போகிறார்கள்? சம்ப்பில் இருப்பது நாம் குடிக்கிற தண்ணீர். மீன் தொட்டியும் சம்ப்பும் ஒரே வேலை. ஒன்றில் தப்பு உடனே மிதக்கிறது, இன்னொன்றில் மிதப்பதில்லை.

நான் கேட்பது

கான்கிரீட் கியூபை 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் உடைத்துப் பார்த்து லேப் ரெக்கார்டில் எழுதுகிறோம். அதே ஒழுக்கம் தொட்டிக்கும் வேண்டும். நம் கல்லூரிகளில் எந்த கிளப் மீன் தொட்டி கட்டினாலும், மீன் வாங்கும் பில்லுக்கு முன்னால் ஒரு பக்கத்தில் ஐந்து வரி நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்கிறேன்.

ஒன்று, கான்கிரீட் போட்ட தேதி, கலவை, க்யூரிங் செய்த நாட்கள். 28 நாளுக்கு முன் அடுத்த வரிக்குப் போகக் கூடாது.

இரண்டு, பூச்சு அல்லது ஷீட்டின் பெயர், குடிநீருக்கோ மீனுக்கோ ஏற்றது என்ற தயாரிப்பாளரின் தகவல் தாள், முழுதாக இறுகிய தேதி.

மூன்று, கசிவுச் சோதனை. நிரப்பி ஏழு நாள் சுவர் உறிஞ்ச விட்டு, அடுத்த ஏழு நாள் தினமும் நீர்மட்டத்தைக் குறிக்க வேண்டும். ஐ.எஸ். 3370 சொல்லும் முறையும் இதுதான். பக்கத்தில் ஒரு பக்கெட்டில் தண்ணீர் வைத்து அதன் மட்டத்தையும் குறியுங்கள். கோடையில் ஆவியாவது மட்டுமே ஒரு நாளைக்கு அரை சென்டிமீட்டர் தாண்டும். பக்கெட்டைவிடத் தொட்டியில் அதிகம் இறங்கினால்தான் கசிவு.

நான்கு, பி.எச். அந்தத் தண்ணீரைக் கொட்டிப் புதிதாக நிரப்பி மூன்று நாள் விட்டு, காலையும் மாலையும் அளவு. ஊற்றிய தண்ணீரின் பி.எச்.சைவிட அரைக்கு மேல் ஏறக் கூடாது, 8.5-ஐயும் தாண்டக் கூடாது. தாண்டினால் மறுபடி கொட்டி நிரப்பு. தொடர்ந்து இரண்டு முறை பாஸ் ஆக வேண்டும். மெட்ரோ வாட்டர் என்றால் குளோரின் போக ஒன்றிரண்டு நாள் திறந்து வைத்ததையும் எழுதுங்கள்.

ஐந்து, கொட்டிய தண்ணீர் எங்கே போனது.

முதல் மூன்றை சிவில் ஆட்கள் நிரப்பட்டும், கடைசி இரண்டை கெமிஸ்ட்ரி லேபோ பயோடெக் ஆட்களோ நிரப்பட்டும். இரண்டு டிபார்ட்மென்ட்டும் ஒரே தாளில் கையெழுத்துப் போடுவது நம்ம கேம்பஸில் ஃபெஸ்ட் நோட்டீஸில் மட்டும் நடக்கிறது, இதிலும் நடக்கட்டும்.

அந்தத் தாள் நிரம்பிய பிறகு நாலு கப்பியோடு ஆரம்பியுங்கள். ஆனால் தாள் நிரம்பாமல் யாராவது "விட்டுப் பார்ப்போம்" என்று மீன் கவரோடு வந்து நின்றால், முதலில் அந்தத் தொட்டித் தண்ணீரில் பி.எச். பேப்பரை நனைத்து அவர் கையில் கொடுங்கள்.